பெரிய வீட்டுச் சொந்தங்கள்: கொலுச் சுண்டல் கடலை

அத்தை: எல்லோருக்கும் வணக்கம். கொலுவுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது என்று கடலை டிரம்களைத் திறந்தேன். கறுப்புக் கொண்டைக்கடலை நன்றாக இருக்கிறது. வெள்ளைக் கடலை முழுவதும் வண்டு விழுந்து, அள்ளினால் கையில் மாவு ஒட்டுகிறது. ஒன்பது நாளுக்கும் கறுப்பே போதுமா, கடையில் வாங்கட்டுமா?

சித்தப்பா: இரண்டும் ஒரே அறையில்தானே இருந்தன, அக்கா? வெள்ளை டிரம்மை அழுத்தி மூடவில்லையோ?

அத்தை: அம்மா காலத்திலிருந்து இந்த வீட்டுத் தானியத்தை நான்தான் பார்க்கிறேன். மூடியைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.

நான்: அத்தை, ஒரு படம் அனுப்புங்கள்.

அத்தை: (படம்)

பெரியப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அம்மிணி. உன் மேல் ஒரு குறையும் இல்லை. கடலையின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் பயறு வண்டின் முட்டைகள். பொரிந்த புழு வெளியே நடமாடுவதே இல்லை. முட்டைக்கு நேர் கீழே தோலைத் துளைத்து உள்ளே போய், பருப்பைத் தின்று வளர்ந்து, வண்டான பிறகுதான் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். ஆகவே அதற்கு முதல் தடை தோல்தான். வெள்ளைக் கடலையின் தோல் மெல்லியது, வழவழப்பானது. முட்டை ஒட்டுவதும் எளிது, துளைப்பதும் எளிது. நம் கறுப்புக்குத் தோல் தடித்து, சுருங்கி, சொரசொரப்பாக இருக்கும். அதில் முட்டை குறைவாகவே விழும். விழுந்தவற்றிலும் பல புழுக்கள் தோலைத் தாண்டாமலேயே செத்துப்போகும்.

சித்தப்பா: அப்படியானால் வெள்ளை விதைக்கச் சொன்ன நான்தான் குற்றவாளியா, அண்ணா?

பெரியப்பா: வெள்ளைக்கு விலை கூடுதல் என்று நீ சொன்னது உண்மை. ஆனால் அதைக் களத்திலேயே விற்றிருக்க வேண்டும். முட்டை வண்டாவதற்கு நம் ஊர் வெக்கையில் ஒரு மாதம் போதும். மாசியில் டிரம்மில் போட்டதற்குள் புரட்டாசிக்குள் ஆறேழு தலைமுறை பெருகிவிடும். பயறுகளில் வயலில் காய்ந்து நிற்கும் காயிலேயே முட்டையிடுவதும் உண்டு. அப்படி வந்ததை எந்த மூடி தடுக்கும்?

அண்ணன்: களத்திலேயே விற்றிருந்தால் கிணற்றுப் பங்குக் கணக்கும் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

சித்தப்பா: கிணற்றை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நான்: வண்டே விழாத ரகம் இல்லையா, பெரியப்பா?

பெரியப்பா: நம் கோ 4 கறுப்புக் கடலையும் முழுக் காவல் இல்லை, அம்மா, அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தென்கிழக்குத் துருக்கியில் நம் கடலைக்கு மூதாதையான சைசர் ரெடிகுலாட்டமும், அதன் உறவான சைசர் எக்கினோஸ்பெர்மமும் காட்டுச் செடிகளாக வளர்கின்றன. அவற்றில் வண்டைத் தாங்கும் வகைகளைக் கண்டிருக்கிறார்கள். இரண்டும் நம் கடலையோடு கலக்கக்கூடியவை என்பது பெரிய நம்பிக்கை. தோல் மட்டுமே காவல் இல்லை. ராஜ்மாவில் புழுவின் மாவுச்சத்துச் செரிமானத்தைத் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதன் மரபணுவைக் கொண்டைக்கடலையில் சேர்த்து வண்டின் வளர்ச்சியைத் தடுத்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது.

அத்தை: பெரியண்ணா, இப்போது டிரம்மில் இருப்பதை என்ன செய்வது?

பெரியப்பா: வெள்ளையைத் தண்ணீரில் போடு. மிதப்பதெல்லாம் கோழிக்கு. கறுப்பை மறுபடியும் வெயிலில் காயவை. பல்லில் வைத்தால் டக்கென்று உடைய வேண்டும். விதைக்குத் தனியாக எடுத்துவிட்டு, மீதியில் பாதியைப் பருப்பாக உடைத்து வை. முழுக் கடலையில் விழும் அளவுக்கு உடைத்த பருப்பில் வண்டு விழாது.

அத்தை: காயவைக்கிறேன். ஆனால் அந்த வெள்ளை டிரம்மை நகர்த்த யாராவது வர வேண்டும்.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், அக்கா. மூடியைப் பற்றி எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இந்த ஐப்பசியிலும் ஓர் ஏக்கராவது வெள்ளை போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

பெரியப்பா: களத்திலேயே விற்பதாக இருந்தால் பேசலாம்.

அண்ணன்: யார் விற்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

அத்தை: முதல் நாளைக்குக் கறுப்புச் சுண்டல்தான். முந்தின இரவே ஊறப்போடுகிறேன்.