வேலைக்கு வருபவரோடு பழகுவதும் பழக்கம்தானா?

உம்பிலோ_தங்கம்:
அடுத்தவர் பண்பாட்டை அறிவதற்கான பயிற்சி வகுப்பு அறிவிப்பின் கீழே பழைய_கிளேர்வுட் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. படிக்காதவர்களுக்காக அதை இங்கே போடுகிறேன்: "1860இல் நம் முன்னோரைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த நாளிலிருந்து இந்த மண்ணின் சூலு மக்களோடு வாழ்கிறோம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் சூலு அம்மாவுக்கு என் பிள்ளைகள் என்றால் உயிர். அடுத்தவர் பண்பாட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

கோயில் ஹாலில் கவுன்சலிங் தொண்டர்களுக்கு அந்தப் பாடம் எடுப்பவள் நான்தான் ஐயா. வேறு வேறு கூட்டத்தார் அக்கம்பக்கம் இருந்தால் மட்டும் தப்பெண்ணம் போய்விடாது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதிவிட்டார். இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், குறிக்கோள் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்கள் ஆதரிக்க வேண்டும். சம்பளம் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் எந்தக் கணக்கில் சமம்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா உங்கள் வீட்டில் எந்தக் கப்பில் டீ குடிக்கிறார்?

பழைய_கிளேர்வுட்:
தங்கம், உங்கள் அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன் நான், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். நீல விளிம்பு போட்ட எனாமல் குவளையில் குடிக்கிறார். அவருக்கு டீ நிறைய வேண்டும், சர்க்கரையும் தாராளமாக வேண்டும். நம் சின்னக் கப் போதாது. அவரே கேட்டு வைத்துக்கொண்டது. நாங்கள் ஒதுக்கி வைத்ததல்ல.

உம்பிலோ_தங்கம்:
குவளை எங்கே இருக்கிறது? மற்ற கப்புகளோடு அலமாரியிலா, சிங்குக்குக் கீழே சோப்புப் பவுடர் பக்கத்திலா?

பழைய_கிளேர்வுட்:
எங்கே இருந்தால் என்ன? சுத்தமாக இருக்கிறது.

மரிட்ஸ்பர்க்_மாணவி:
அக்கா, ஆல்போர்ட்டோடு நிறுத்தக்கூடாது. பெட்டிகுரூ, டிராப் என்ற உளவியலாளர்கள் 2006இல் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த நான்கும் அமையாத இடத்திலும் பழகப் பழகத் தப்பெண்ணம் குறைகிறது. நான்கும் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது, அவ்வளவுதான்.

பழைய_கிளேர்வுட்:
பார்த்தீர்களா! படிக்கிற பிள்ளையே சொல்லிவிட்டது. 515 ஆய்வு! இதற்கு மேல் என்ன வேண்டும்?

மரிட்ஸ்பர்க்_மாணவி:
அங்கிள், நான் இன்னும் முடிக்கவில்லை. அவையெல்லாம் பெரும்பாலும் வேறு நாட்டு ஆய்வுகள். நம் தென்னாப்பிரிக்காவில் ஜான் டிக்சன், கெவின் டர்ஹைம் என்ற உளவியலாளர்கள் டர்பனுக்குத் தெற்கே ஸ்காட்பர்க் கடற்கரைக்கே போய்ப் பார்த்தார்கள். இனப்பிரிப்புச் சட்டம் போய்விட்டது, கடற்கரை எல்லோருக்கும் பொது. ஆனால் யார் எங்கே குடை நடுகிறார்கள், யார் எந்த நேரத்துக்கு வருகிறார்கள் என்று பார்த்தால் கூட்டம் கூட்டமாகப் பிரிந்துதான் இருந்தது. வீட்டு வேலை உறவைப் பற்றியும் டர்ஹைம் எழுதியிருக்கிறார். அங்கே பாசம் உண்மையாகவே இருக்கும், ஏற்றத்தாழ்வும் அதே பாசத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

உம்பிலோ_தங்கம்:
அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். குவளைக்கு இன்னும் பதில் வரவில்லை.

சென்னைவாசி:
வேலைக்காக டர்பன் வந்தவன் நான். எங்கள் ஊர்ப்பக்கம் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. பெஞ்சில் உட்காருபவருக்குக் கண்ணாடி டம்ளர், வெளியே நிற்பவருக்கு வேறு. அந்தக் கடைக்காரர்களும் "யாரையும் ஒதுக்கவில்லை, குவளை சுத்தமாகத்தான் இருக்கிறது" என்றுதான் சொன்னார்கள். அந்த வழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்திருக்கிறது.

பழைய_கிளேர்வுட்:
நேற்று விமானத்தில் வந்திறங்கியவர் நமக்குச் சரித்திரம் சொல்ல வேண்டாம். கரும்புத் தோட்டத்தில் ஒரே பானையில் உண்டவர்கள் நாங்கள். சாதி கடலோடு போயிற்று. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கிய கலவரத்தில் காட்டோ மேனரில் என் தாத்தா கடை எரிந்தது. அன்று எங்கள் பாட்டியையும் குழந்தைகளையும் ஒளித்து வைத்தது ஒரு சூலு குடும்பம். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

உம்பிலோ_தங்கம்:
அந்தக் குடும்பத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் உங்களுக்கு யார்? அக்கம்பக்கத்தார். அதே தகர வீடு, அதே மழைச் சேறு. 1950இல் இனத்துக்கு ஒரு வசிப்பிடம் என்று ஒதுக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது, பிறகு நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்கும் அவர்களைக் குவாமாஷுவுக்கும் பிரித்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு சூலு ஒருவர் நம் வாசல்படி ஏறுவது என்றாலே வேலைக்கு என்று ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தார் போய்விட்டார், வேலையாள் வந்தார். இரண்டும் ஒரே பழக்கம் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு வலிக்கிறது.

ஐசிபிங்கோ_ராஜா:
தங்கம் அக்கா, காட்டோ மேனரில் எல்லோரும் சமம் என்பது போல எழுதாதீர்கள். நிலம் நம்மவர் கையில், குடிசைக்கு வாடகை கொடுத்தது அவர்கள். 1949இல் எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு விஷயம், புரட்டாசி அன்னதானக் கணக்கைக் கேட்டபோது வாயே திறக்காத கமிட்டி, இந்த வகுப்புக்கு ஹாலை இலவசமாகக் கொடுத்தது எப்படி?

உம்பிலோ_தங்கம்:
கணக்கை அதற்கான இடத்தில் கேளுங்கள் ராஜா.

வகுப்பு ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு சூலு இளைஞர் பேச வந்தார். பேசி முடிக்கும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் தொண்டர் "எதையோ மறைக்கிறார்" என்று குறித்து வைத்துவிட்டார். பெரியவர்கள் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் இருப்பது அவர்கள் மரியாதை, ஹ்லோனிபா. அந்தத் தொண்டர் பிறந்ததிலிருந்து சூலு மக்களுக்கு நடுவில் வாழ்ந்தவர்தான்! உளவியலாளர் டெரால்ட் விங் சூவும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் 1992இல் கவுன்சலருக்கு மூன்று வேண்டும் என்று எழுதினார்கள்: தன் மனதில் ஊறிக் கிடப்பதை அறிவது, எதிரில் இருப்பவர் உலகத்தை அறிவது, அதற்கேற்ற திறமை. தன்னை அறிவதைத்தான் முதலில் வைத்தார்கள். நம்மிடம் இல்லாதது அதுதான்.

பழைய_கிளேர்வுட்:
நம்பிப் பேச வந்தவர் கதையை இங்கே எழுதலாமா? இதுதான் உங்கள் பயிற்சியா?

உம்பிலோ_தங்கம்:
பெயர் இல்லை, ஊர் இல்லை, பிரச்சினை என்ன என்றும் எழுதவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். குவளை எங்கே இருக்கிறது?

மரிட்ஸ்பர்க்_மாணவி:
அக்கா, குவளையையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். சமநிலை என்றால் வேலை செய்கிற இடத்தில் சமநிலையா, வெளியே சமூகத்தில் சமநிலையா? அதை முதலில் தெளிவாக்கினால்…

உம்பிலோ_தங்கம்:
அதெல்லாம் உன் ஆய்வேட்டில் எழுதிக்கொள் கண்ணு. எனக்கு ஒரு சமையலறை போதும்.

பழைய_கிளேர்வுட்:
சரி, திங்கட்கிழமை அந்த அம்மா வருவார். அவரையே கேட்டு இங்கே எழுதுகிறேன். வருத்தம் உண்டா என்று அவரே சொல்லட்டும்.

உம்பிலோ_தங்கம்:
மாதச் சம்பளம் கொடுக்கிறவர் முன்னால் நின்று கேட்டால் "வருத்தம் இல்லை" என்றுதான் வரும். அவரைக் கேட்காதீர்கள். அந்தக் குவளையில் நீங்கள் ஒரு நாள் டீ குடிப்பீர்களா? உங்கள் மகன் குடிப்பாரா?

பழைய_கிளேர்வுட்:
என் வீட்டுக் குவளையில் நான் எப்போது குடிக்கிறேன் என்று உங்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

ஐசிபிங்கோ_ராஜா:
கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. கமிட்டியில் இருப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். புரட்டாசி ரசீதுகளை எப்போது காட்டப் போகிறீர்கள்?

சென்னைவாசி:
நான் எழுதிய இரட்டைக் குவளைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பழைய_கிளேர்வுட்:
சொல்லவும் மாட்டோம்.