பையன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றால்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அனுபவங்கள்

பாலக்கோடு பக்கம், ஏழாவது படிக்கும் பையனின் அம்மா:

அரையாண்டு லீவு முடிஞ்சதிலிருந்து திங்கட்கிழமை வந்தா என் பையனுக்கு வயித்து வலி. டவுன் பஸ் போயிட்டா வலியும் போயிடும். ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைஞ்சது, சட்டைப் பட்டன் பிஞ்சு வந்தது. சாயந்தரம் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நேரா பாத்ரூமுக்கு ஓடுவான். உட்கார வெச்சுக் கேட்டா வாயே திறக்கல.

ஒரு நாள் ராத்திரி புளி தட்டிட்டு இருந்தோம். கை வேலையா இருக்கறப்போ, என் முகத்தைப் பார்க்காம, தானாவே சொன்னான். பள்ளிக் கழிப்பறைக்குள்ள போனா பெரிய பசங்க வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுடறாங்களாம். அங்க போகக் கூடாதுன்னு காலையிலிருந்து தண்ணியே குடிக்காம இருந்திருக்கான். "சொன்னது நல்லதாச்சு கண்ணு, இனி அம்மா பாத்துக்கறேன்"னேன். ஏன் திருப்பி அடிக்கலன்னு கேக்கல. அடியைவிட, நான் போய்ச் சத்தம் போட்டா மறுநாள் கூட விழுமேன்னுதான் அவனுக்குப் பயம்.

அதனால எந்த டீச்சர்கிட்ட முதல்ல சொல்லலாம்னு அவனையே கேட்டேன். தமிழ் டீச்சர்னான். அவங்களையும் கூட வெச்சுக்கிட்டு, என்னைக்கு, எங்க, யார் யார் இருந்தாங்கன்னு மனுவா எழுதி ஹெச்.எம்.கிட்ட கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கினேன். வாயால சொன்னா "பசங்க விளையாட்டும்மா"ன்னு முடிஞ்சு போயிடும். இப்போ இடைவேளை நேரத்துல அந்தப் பக்கம் ஒரு சார் நிக்கறாரு. வேற ஊர் அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

தேன்கனிக்கோட்டைப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பையனைக் கேட்டுக்கொண்டு போனீர்களே அம்மா, அது மிகச் சரி. என் அனுபவத்தில் பள்ளிகள் செய்யும் பெரிய தவறு, இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி "கை கொடுங்கடா" என்று முடித்துவிடுவது. அடித்தவன் முன்னால் அடிபட்டவன் எப்படி உண்மையைச் சொல்வான்? தனித்தனியாகத்தான் பேச வேண்டும். சுற்றி நின்று பார்த்த பிள்ளைகளிடமும் பேச வேண்டும். அவர்களில் இரண்டு பேர் துணைக்கு வந்தாலே பாதி நின்றுவிடும்.

அடிக்கிற பிள்ளையையும் நான் விட்டுவிட மாட்டேன். எங்கள் பக்கம் அப்பா அம்மா இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, ஆயாவிடம் வளரும் பிள்ளைகள் அதிகம். சத்துணவு முட்டையைச் சின்னப் பசங்களிடம் பிடுங்கித் தின்ற ஒருவன், வீட்டில் மாமாவிடம் பெல்ட்டால் அடி வாங்கிக்கொண்டிருந்தான். கண்டிப்பும் வேண்டும், அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பேசவும் வேண்டும்.

சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் கேலி என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. முதல் நாள், முதல் சொல்லிலேயே தலைமையாசிரியர் நிறுத்த வேண்டிய விஷயம் அது.

சூளகிரி, கல்லூரி மாணவி:

எங்க வீட்டில தெலுங்கு. ஆறாவதில தமிழ் மீடியம் சேர்ந்தப்போ நான் வாயைத் திறந்தாலே வகுப்பே என்னை மாதிரி பேசிக் காட்டும். வாசிக்கச் சொன்னா அழுகைதான் வரும். "பழகிக்கோ"ன்னு எல்லாரும் சொன்னாங்க. பக்கத்துல உட்கார்ந்த ஒருத்தி மட்டும் "அவ வாசிக்கட்டும், சும்மா இருங்கடி"ன்னா. அந்த வருஷத்தை அவளாலதான் தாண்டினேன். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்க பிள்ளைக்கு ஒரே ஒரு சிநேகிதி இருந்தாலும் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்க. வாட்ஸ்அப்பில கேலி வந்தா கோபத்துல அழிச்சுடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டுப் பள்ளியில காட்டுங்க.

காவேரிப்பட்டணம், ஆட்டோ ஓட்டுபவர்:

தினம் பிள்ளைகளை ஏத்தி இறக்கறேன். பள்ளிக்குள்ள நடக்கறது எனக்குத் தெரியாது, வண்டிக்குள்ள தெரியும். எப்பவும் ஓரத்துல நசுங்கறது ஒரே பிள்ளைதான்னா, சாயந்தரம் அதோட வீட்டுல சொல்லிடுவேன். நீங்களும் உங்க ஆட்டோ அண்ணன், வேன் டிரைவர்கிட்ட கேளுங்க. எங்களை யாரும் கேக்கறதே இல்ல.

என் பொண்ணை ஒரு டீச்சர் ஸ்கேலால கை வீங்க அடிச்சாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிக்கறதையும் மனசு நோகப் பண்றதையும் தடுக்குதுன்னு பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கற ஒரு அக்கா சொன்னாங்க. அரசுப் பள்ளியில அந்தக் குழுவுல முக்கால்வாசிப் பேர் நம்மள மாதிரிப் பெற்றோர்தான். அங்க எழுதிக் கொடுத்தேன், அதுக்கப்புறம் கை வைக்கல. பள்ளியில கேக்கலன்னா கல்வித் துறையோட உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098. ராத்திரியிலயும் எடுப்பாங்க, காசு கிடையாது. பிள்ளையே கூடக் கூப்பிடலாம். ரெண்டு நம்பரையும் என் வண்டியில சீட்டுக்கு எதிர்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கேன்.