பொருள்: மஞ்சள் விளக்குக்கு ஒரு தமிழ்ச்சொல் (அவசரம்)

கோவைப் பட்டறை எழுதியது:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கணபதியில் எங்கள் பட்டறையில் சிஎன்சி டர்னிங் (கணினியில் ஓடும் கடைசல் மெஷின்) மூன்று, விஎம்சி (கணினியில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) இரண்டு. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று கணக்கெடுக்க ஒரு மென்பொருள் வாங்கி, ‘மெஷின் கண்காணிப்பு’ என்று பெயர் வைக்கப்போகிறோம். இரண்டு கம்பெனிக்காரர்கள் ஒரு மாதம் போட்டுக் காட்டினார்கள். இரண்டிலும் மூன்று நிறம். பச்சை ஓட்டம், சிவப்பு பழுது; இவற்றில் தகராறில்லை. மஞ்சளுக்கு ‘ஐடில்’ (சும்மா இருப்பது) என்றிருந்தது. ஒருவர் ஆர்வத்தில் அதைச் ‘சோம்பல்’ என்று தமிழாக்கிக் கொண்டுவந்தார். மறுநாள் காலை எல்லா டேப்லெட்டும் குப்புறக் கிடந்தன. திங்கட்கிழமைக்குள் சொல் வேண்டும். பொத்தானில் 12 எழுத்துக்கு மேல் கொள்ளாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

ஆபரேட்டர்கள் கோபம் நியாயமே. மடி, அதாவது சோம்பல், ஆளுக்கு உரிய குற்றம். அதனால்தான் வள்ளுவர் மடியின்மையை அரசியலில் வைத்தார். எந்திரம் என்னும் அஃறிணைக்குச் சோம்பல் ஏது? அதற்காக ‘நிறுத்தம்’ என்றும் போய்விடாதீர்கள். நில் தன்வினை, நிறுத்து பிறவினை. நிறுத்தம் என்றால் நிறுத்தியவர் ஒருவர் உண்டென்று ஆகும். இரு – இருப்பு, நட – நடப்பு. அந்த வரிசையில் நில் – நிற்பு. இலக்கணம் சரி, மூன்றே எழுத்து. கல் என்பதிலிருந்து கற்பு பிறந்ததும் இதே வழியில்தான். கற்பு என்றால் முதலில் கல்வி என்பதை மறந்துவிட்டு நாம் படும் பாடு தனிக்கதை. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எழுத வேண்டாம் ஐயா! நிறுத்தம் என்றால் பேருந்து நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் வேலைநிறுத்தம். முதலாளி திரையைப் பார்த்தே படுத்துவிடுவார். ஆனால் ‘நிற்பு’ எந்த ஆபரேட்டருக்குப் புரியும்? ‘ஐடில்’ என்றே தமிழ் எழுத்தில் விடலாம். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தில் எழுதினால் அதுவும் சொல்லே என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். நீங்கள் எழுதும் ‘எந்திரம்’ மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

தமிழாசிரியர்:

அந்த நூற்பா வடசொல்லுக்கு. டீசல் மணக்கும் சொல்லுக்கு அல்ல. எந்திரம் புறநானூறு 322-இல் இருக்கிறது, ஐங்குறுநூறு 55-இலும் இருக்கிறது. இரண்டிலும் கரும்பாலை. ஐங்குறுநூற்றில் அது களிற்றுக்கு எதிராகப் பிளிறுகிறது. 2,000 ஆண்டு நம்மோடு இரைந்த சொல்லை அந்நியம் என்கிறீர்களா?

மலையகத்து வாசகி:

மஞ்சளை விடுங்கள், மென்பொருளுக்கே ‘கண்காணிப்பு’ என்று பெயர் வைக்கிறீர்களே. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குக் கண்காணி என்றால் கங்காணிதான். ஆள் பிடித்துக் கொண்டுவந்தவர், கூலிக் கணக்கில் கைவைத்தவர். ஆங்கிலம் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. பெயர் வைக்குமுன் வேலையாட்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தமிழாசிரியர்:

அம்மா, ‘கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார், கண்காணி இல்லா இடமில்லை’ என்று திருமூலர் பாடியது இறைவனை. சொல்மேல் குற்றமில்லை.

மலையகத்து வாசகி:

இறைவன் அரைப்பேர் போட்டு அரை நாள் கூலியை வெட்டவில்லை ஐயா.

கோவைப் பட்டறை:

ஒரு நிமிசங்க. மஞ்சள் எப்படி எரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். புது மெஷின்களில் ஃபனுக் கம்பெனியின் கன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கணினி). நெட்வொர்க் கேபிள் செருகினால் அதிலிருந்து தகவல் எடுக்கும் ஃபோக்காஸ் என்ற மென்பொருள் வழியாக நிலவரம் தானே வந்துவிடும். பழைய டர்னிங்கில் அந்த வசதியில்லை. ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மோட்டார் ஒயரைச் சுற்றி கரண்ட் சென்சார் மாட்டியிருக்கிறோம். அதற்குத் தெரிந்தது ஒன்றே: ஸ்பிண்டில் சுற்றவில்லை. ஜாப் மாற்றினாலும் மஞ்சள், இன்செர்ட் (வெட்டுமுனை) மாற்றினாலும் மஞ்சள், மெட்டீரியல் வராவிட்டாலும் மஞ்சள்.

எங்கள் ஜாப் ஒன்றுக்கு சைக்கிள் (மெஷின் வெட்டி முடிக்கும் நேரம்) 4 நிமிடம், கழற்றி மாட்ட 40 நொடி. ஷிஃப்டுக்கு 90 உருப்படி என்றால் மாட்டிக் கழற்றுவதே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் திரை ‘சோம்பல்’ என்றது. உண்மையில் ஆள் குனிந்து வேலை செய்யும்போதுதான் மெஷின் நிற்கிறது. மெஷின் ஓடும்போதுதான் அவருக்கு மூச்சு. அதனால் யார் மேலும் பழி போடாத சொல்லாகக் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

இதை முதல் மடலிலேயே சொல்லியிருக்கலாம். அப்படியானால் ‘ஐடில்’ கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், அதுவும் ஆளைத்தான் சுடும். உங்களுக்கு வேண்டியது இரண்டு சொல். விளக்கு இப்போதைய நிலையைச் சொல்வது, அங்கே வினைமுற்று போதும்: ‘நிற்கிறது’. மாத அறிக்கையில் வருவது நிமிடக் கணக்கு, அங்கே ‘நின்ற நேரம்’.

தமிழாசிரியர்:

‘நின்ற நேரம்’ சொற்றொடர், கலைச்சொல் அன்று. நாளை ‘நின்ற நேர விகிதக் குறைப்பு’ என்று வால் நீளும். நிற்பு என்றால் நிற்புவீதம், நிற்புக்குறைப்பு என்று எதையும் ஒட்டலாம்.

கோவைப் பட்டறை:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. எழுதியவர்களில் ஐந்து பேர் நிற்கிறது / நின்ற நேரம் பக்கம், அதையே போட்டுவிட்டேன். பெயரில் கண்காணிப்பை எடுத்துவிட்டு ‘மெஷின் நிலவரம்’ என்று வைத்திருக்கிறேன். வாங்கியது எந்தச் சொல்லையும் நாமே மாற்றிக்கொள்ள விடுகிற மென்பொருள். மற்றவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனியாகக் காசு கேட்டார். இதில் 60 நொடிக்குள் நின்றால் மஞ்சளே எரியாதபடி வைக்கலாம். வைத்தேன். அந்த ஒரு மணி நேரம் பச்சையில் போய் ஒளிந்துகொள்கிறது, பொய்க்கணக்கு என்று தம்பி சண்டைக்கு நிற்கிறான். ஏற்றி இறக்குவதற்கு நாலாவதாக ஒரு நிறம் கேட்டிருக்கிறோம்.

தமிழாசிரியர்:

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: நிற்பு. நாலாம் நிறத்துக்கு ‘ஏற்றிழிவு’ பொருந்தும். இழி என்றால் இறங்கு என்றும் பொருள்.

மொழிபெயர்ப்பாளர்:

இழிவா? டேப்லெட் மறுபடி குப்புறப் படுத்துவிடும் ஐயா.