சோலார் பம்புக்குக் கடன்: பெர்மிற் காணிக்கு வழி இருக்கிறதா?

கச்சான்தோட்டம் (விசுவமடு):
வணக்கம். ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியில் கச்சானும் மிளகாயும் போடுகிறோம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனதில் இருந்து இறைப்புச் செலவு கழுத்தை நெரிக்கிறது. சோலார் பம்புக்கு மாறலாம் என்று வங்கிக்குப் போனேன். வாசலில் பசுமைக் கடன் என்று பெரிய விளம்பரம் இருந்தது. உள்ளே கேட்டது அரச உத்தியோகத்தர் இரண்டு பேரின் பிணையும் காணி உறுதியும். எங்களுடையது பெர்மிற் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது, உறுதி இல்லை. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் ஊறும், ஒரு இறைப்புக்கு எத்தனை லீற்றர் எண்ணெய் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பழைய கடன்பிரிவு (வவுனியா):
தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். இலங்கை மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கு வழிகாட்டல் வெளியிட்டது, 2022இல் எவையெல்லாம் பசுமை முதலீடு என்றும் வகைப்படுத்தியது, ஆனால் உங்களைப் போன்ற ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது என்று கிளையில் இருப்பவர்தான் ஒரு வியாபாரியின் கண்ணோடு யோசிக்க வேண்டும். பங்களாதேஷைப் பாருங்கள். 2003இல் தொடங்கிய வீட்டுச் சோலார் திட்டத்தில் அரசுக்குச் சொந்தமான இட்கொல் என்ற நிதி நிறுவனம், ஊருக்குள் வேலை செய்யும் அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. பூட்டுவது, பழுது பார்ப்பது, தவணை வாங்குவது எல்லாம் அந்த அமைப்புகளே. சோலார் ஓடாவிட்டால் தவணை வராது, அதனால் பழுது என்றதும் ஓடி வந்தார்கள். விளக்குக்கு எண்ணெய் வாங்கிய காசுதான் தவணையாக மாறியது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

முல்லை அக்கா:
எல்லாம் சரி அண்ணை, ஆனால் கடனை வாசலுக்கே கொண்டு வந்த நுண்கடன் கம்பனிக்காரர்களும் புது யோசனை என்றுதான் வந்தார்கள். கச்சான் பிடுங்க மூன்றரை மாதம் செல்லும், அவர்களுக்கோ கிழமைக்குக் கிழமை காசு வேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, கடைசியில் தோடும் அடகுக்குப் போனது. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. தம்பி, வட்டியை விடத் தவணை எந்த மாதம் விழுகிறது என்று முதலில் கேளுங்கள். ஊர்ச் சிக்கன கடனுதவு சங்கத்திலும் விசாரியுங்கள், அங்கே உங்கள் தோட்டத்தைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

கச்சான்தோட்டம்:
நன்றி அண்ணை, அக்கா. போன போகத்து எண்ணெய் பில் எல்லாம் ஒரு பையில் கிடக்கிறது. கூட்டிப் பார்த்து, அறுவடைக்குப் பிறகு கட்டும்படி தவணை போட்டுத் தருவீர்களா என்று எழுத்தில் கேட்கப் போகிறேன். இந்தப் பக்கம் யாராவது சோலார் பம்ப் பூட்டியிருந்தால், மாரியில் மப்பு நாட்களில் எத்தனை மணித்தியாலம் இறைக்கிறது என்று சொல்லுங்கள்.