மரபணுத் தணிப்பு: ‘ஜீன் சைலன்சிங்’ என்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

ஒரு மரபணுவின் செயலை அடக்குவதை ‘ஜீன் சைலன்சிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு வந்த பரிந்துரைகளில் ‘மரபணு நீக்கம்’ மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கே மரபணு எங்கும் போவதில்லை, உட்கருவில் அப்படியேதான் இருக்கிறது. அதன் செய்தியைச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ.தான் வழியில் வெட்டுப்படுகிறது. வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டித் தருவது சுமார் 21 எழுத்து நீளமுள்ள ஒரு குறு ஆர்.என்.ஏ. இரட்டை இழை ஆர்.என்.ஏ. இப்படி ஒரு மரபணுவை அடக்கும் என்று அறிவியலாளர்கள் ஃபயரும் மெல்லோவும் 1998-இல் உருளைப்புழுவில் காட்டினார்கள். 2006-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நீக்கம் என்ற சொல்லை, மரபணுவையே செயலிழக்கும்படி மாற்றிவிடும் ‘நாக்அவுட்’டுக்கு விட்டுவிடுவோம்.

‘அமைதியாக்கம்’ எனக்கு ஒட்டவில்லை. அமைதி என்றால் நமக்குச் சாந்தம்தான் தோன்றும். ‘முடக்கம்’ நல்ல சொல், ஆனால் அடியோடு நின்றுபோனதைச் சொல்கிறது. பெண் பாலூட்டிகளின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று செயலற்றுக் கிடக்கிறதே, அதற்குப் பொருந்தும்.

நான் சொல்ல வருவது ‘மரபணுத் தணிப்பு’. தீ தணியும், காய்ச்சல் தணியும், குரலும் தணியும். கொஞ்சம் தணிந்தது, நன்றாகத் தணிந்தது என்றெல்லாம் சொல்லலாம். முளையக் குருத்தணு (கருவிலிருந்து எடுக்கும் ‘ஸ்டெம் செல்’) ஆய்வில் இந்த அளவுதான் எல்லாமே. குருத்தணுக்களின் பன்திறனை, அதாவது உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறும் திறனை, காப்பது ஆக்ட்4 என்ற மரபணு. அதை முழுவதும் நீக்கிய எலிக்கருவில் பன்திறன் கொண்ட செல்களே உருவாவதில்லை. அப்புறம் எதை வைத்து ஆராய்வது? நிவா என்ற ஆய்வாளரின் குழுவினர் 2000-இல் எலிக் குருத்தணுக்களில் அதன் அளவை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். பாதிக்குக் கீழே போனதும் செல்கள் நஞ்சுக்கொடிக்கான புறப்படையாக மாறின. இரண்டு மடங்குகூட வேண்டாம், அதற்குக் குறைவாகக் கூடியபோதே அகப்படை, இடைப்படை என்ற வேறு செல் அடுக்குகளின் வழியில் போய்விட்டன. இயல்பான அளவில் மட்டும் குருத்தணுக்களாகவே நீடித்தன. ஒரே மரபணு, மூன்று அளவு, மூன்று தலைவிதி! இதைப் படித்த அன்றுதான் ‘முடக்கம்’ போதாது என்று எனக்குப் பட்டது.

‘ப்ளூரிபோடன்சி’க்குப் ‘பன்திறன்’ சரி. ஆனால் சில வகைச் செல்களை மட்டும் தரும் திறனான ‘மல்டிபோடன்சி’க்கும் அதையே போட்டால் குழப்பம். இரத்தக் குருத்தணு இரத்தச் செல்வகைகளை மட்டுமே தருகிறது, ஒரு கிளையோடு நின்றுவிடுகிறது. குருத்து என்று தொடங்கிவிட்டோம், இதைக் ‘கிளைத்திறன்’ என்போமே.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “ஆக்ட்4 மரபணுவைத் தணித்ததும் குருத்தணுக்கள் பன்திறனை இழந்தன.” பள்ளி மாணவருக்கும் புரியும் என்று நம்புகிறேன். ‘தணிப்பு’ உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது?