பாதி டப்பா திரும்பி வந்தால்

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா:

பையன் மூன்றாம் வகுப்பு. போன வருடம் முழுக்க மதியச் சாப்பாட்டு டப்பா பாதியாகத்தான் திரும்பி வந்தது. சாதம் போயிருக்கும், கேரட் பொரியல் மூலையில் அப்படியே கிடக்கும். திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

ஒரு நாள் எனக்கு லீவு. காலை ஏழு மணிக்கு அவனுக்குக் கட்டியது போலவே இன்னொரு டப்பா கட்டி வைத்து, பன்னிரண்டே முக்காலுக்குத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. தேங்காய் போட்ட பொரியல் சொதசொதவென்று, லேசாகப் புளித்த வாடையோடு இருந்தது. ஒரு வாய்க்கு மேல் என்னாலேயே முடியவில்லை. இதற்கா பிள்ளையைத் திட்டினோம் என்று அழுகையே வந்துவிட்டது.

இப்போது எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, சூடு ஆறின பிறகுதான் மூடுகிறேன். பொரியலுக்குத் தேங்காய் கிடையாது. பாதி நாள் கேரட்டும் முருங்கைக்கீரையும் அடை மாவுக்குள் போய்விடும். அவனுக்குச் சாப்பிடக் கிடைப்பது இருபது நிமிடம், அதிலும் விளையாட ஓடுகிற அவசரம் வேறு. கையில் எடுத்துக் கடிக்கிற மாதிரி இருந்தால் டப்பா காலி. உங்கள் வீட்டில் எப்படி?

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு சத்துணவு அமைப்பாளர்:

அக்கா, எங்களுக்கு முட்டையில்தான் பாடு. பிள்ளைகள் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை ஒதுக்கிவிடும். ஒரு சின்னப் பெண் அதைத் தட்டுக்கு அடியிலேயே ஒளித்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும்தான் சொன்னாள், தொண்டையை அடைக்கிறதாம். அடம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மஞ்சளை உதிர்த்து, சாம்பார் சாதத்தில் நெகிழப் பிசைந்து கொடுத்தேன். தின்றாள். அதைப் பார்த்துப் பக்கத்துப் பையனும் தட்டை நீட்டினான்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதற்கு முன்னால் காலை வணக்கத்தின்போது யாராவது மயங்கி விழுவது வழக்கம். அப்பா அம்மா விடியும் முன்பே காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளை வெறும் வரக்காப்பியோடு வந்து நிற்கும். இப்போது உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று, கூடவே காய் போட்ட சாம்பார். காலையில் சாப்பிட்டால் மதியம் மீதமாகும் என்று பயந்தோம். அப்படி ஆகவில்லை. வயிற்றில் ஏதோ இருப்பதால் இடைவேளையில் ஓடியாடுகிறார்கள், மதியம் மறுபடி பசிக்கிறது.

இன்னொன்று: சாப்பிட்ட கையோடு டீ கொடுக்காதீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது குறைத்துவிடும்.

சென்னையிலிருந்து ஒரு தாத்தா:

அந்தத் தம்பி சொன்ன ஓடியாட்டம்தான் எங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தாம் வகுப்புப் பேத்திக்குக் கணக்குப் போட்டேன். வேன், டியூஷன், டிவி போக 15 நிமிடம்கூடத் தேறவில்லை.

கீழே கார் நிறுத்துமிடத்தில் விளையாடக் கூடாது என்று பலகை. குடியிருப்போர் கூட்டத்தில் இரண்டு தடவை எழுந்து பேசி, மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை ஓர் ஓரத்தில் கார் நிறுத்தாமல் விட வைத்தேன். முதல் நாள் மூன்றே பேர், என்ன விளையாடுவது என்று தெரியாமல் நின்றார்கள். சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு, நானே ஒரு சில்லு எறிந்து காட்டினேன். இப்போது பதினோரு பேர். ஒரு தோசையோடு எழுந்துவிடுகிற பேத்தி இப்போது மூன்றாவதுக்குத் தட்டோடு நிற்கிறாள்.

மறுபடியும் திருப்பூர் அம்மா:

ஐயா, நாலரை மணிக்கு பிஸ்கட்டைக் கொடுத்து டிவி முன்னால் உட்காரவைத்தது நான்தான். நேற்று அந்த பிஸ்கட் டப்பாவையே திறக்கவில்லை, தெருவுக்கு அனுப்பிவிட்டேன். ஆறரைக்கு முட்டியெல்லாம் மண்ணாக வந்தான். அவித்த நிலக்கடலை ஒரு கிண்ணம் வைத்தேன். உரிக்கக்கூடப் பொறுமையில்லை, பல்லாலேயே ஓட்டை உடைத்துத் தின்றான். என் பங்கும் போயிற்று.