அன்று மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாதிருந்த ஐஸ்லாந்து கால்பந்தில் எழுந்தது எப்படி?

கேள்வி (நீரோடிக்காரன்):
தூத்தூர் முதல் கேரள எல்லையிலுள்ள எங்கள் நீரோடி வரை, மாலையில் பந்து உருளாத கடற்கரை கிடையாது. மணலில் இரண்டு துடுப்புகளை நட்டால் போதும், கோல் கம்பம் தயார். குமரி மாவட்ட மக்கள்தொகையே பதினெட்டு லட்சத்துக்கு மேல். அப்போது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதிருந்த ஐஸ்லாந்து, 2012இல் பிஃபா தரவரிசையில் 131ஆம் இடம் வரை இறங்கியிருந்தும், 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டி) காலிறுதிக்கும் 2018இல் உலகக் கோப்பைக்கும் சென்றது எவ்வாறு?

பதில் 1 (பாறசாலை ஆசிரியர்):
குளிர்காலத்தில் அங்கே பகல் சில மணி நேரமே நீடிக்கும்; முன்பெல்லாம் அப்போது சரளைத் தரையில்தான் பயிற்சி நடந்தது. 2000ஆம் ஆண்டு முதல் முழு அளவு உள்ளரங்குகளைக் கட்டினார்கள். பள்ளிகளை ஒட்டிச் செயற்கைப்புல் சிறு மைதானங்களையும் அமைத்தார்கள்.

பதில் 2 (கொல்லங்கோடு பழைய கோலி):
அரங்கு மட்டும் ஆட்டம் கற்றுத்தராது. ஐரோப்பியக் கூட்டமைப்பின் உரிமம் பெற்ற பயிற்சியாளர்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கி, சிற்றூர்க் கிளப்பின் சிறுவர்களுக்கும் அவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தியதுதான் முதன்மைக் காரணம் என்பேன். சுவீடனின் லார்ஸ் லாகர்பேக்குடன் அணியை நடத்திய ஹெய்மிர் ஹல்கிரிம்சன் ஒரு பல் மருத்துவர். 2016 யூரோவில் இங்கிலாந்துக்கு எதிராக நான்காம் நிமிடத்தில் ரூனியின் பெனால்டியால் பின்தங்கியவர்கள், இரண்டே நிமிடத்தில் சமன் செய்ததைக் கவனியுங்கள்: குன்னார்சன் பக்கக்கோட்டிலிருந்து நெடுந்தூரம் எறிந்த பந்தை ஆர்னசன் தலையால் தட்டிவிட, ராக்னர் சிகுர்ட்சன் ஓடிவந்து வலைக்குள் தள்ளினார். பலமுறை பழகி வைத்த அசைவு அது. ஆட்டம் 2-1 என ஐஸ்லாந்துக்கு வெற்றியாக முடிந்தது. 2018 உலகக் கோப்பையில், மாஸ்கோவில் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த ஐஸ்லாந்து கோலி ஹால்டோர்சனும், மெஸ்ஸி பெனால்டி அடிக்கும் முறையை முன்பே ஆராய்ந்து வந்தவர்தான். கோலியாக நின்றவன் என்பதால் அந்தத் தடுப்பை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

பதில் 3 (களியக்காவிளை வாசகர்):
ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2011இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவில் ஆடிய கில்ஃபி, குன்னார்சன், கோல்பெய்ன் ஆகியோர்தான் பின்னர் மூத்த அணியைத் தாங்கினார்கள். அவர்களுக்கு வயதானபின் 2022 உலகக் கோப்பைக்கு ஐஸ்லாந்து தகுதி பெறவில்லை.

நீரோடிக்காரன்:
மூவருக்கும் நன்றி. எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளை அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்துத்தான் கற்கிறான். அவன் பாதம் வைப்பதைத் திருத்த ஆளில்லை. திருவிழாப் போட்டியின் பரிசுத்தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, இரண்டு இளைஞர்களை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ‘டி’ உரிமப் பயிற்சிக்கு அனுப்பலாமா என ஞாயிறன்று தேவாலயப் பங்குப் பேரவையில் கேட்கப் போகிறேன். அதை முடித்தவர்கள் இங்கே இருந்தால், சேரும் முறையை எழுதுங்கள்.